80-ஐத் தாண்டினால் ஒன்றும் கேட்கவில்லை: ஹெல்மெட் இன்டர்காம் பற்றி உதவி தேவை

முகில்வண்டி:
வணக்கம் நண்பர்களே. போன மாதம் இரண்டு இன்டர்காம் வாங்கினேன். ஒன்று எனக்கு, இன்னொன்று பின்னால் உட்காரும் என் மனைவிக்கு. வீட்டுக்குள் பேசிப் பார்த்தபோது அவ்வளவு தெளிவு. வண்டியில் 60 வரைக்கும் சரி. 80-ஐத் தொட்டதும் அவள் பேசுவது வெறும் முணுமுணுப்பாக வருகிறது. சத்தத்தை முழுக்க ஏற்றினால் இரைச்சலும் சேர்ந்து ஏறுகிறது. ஞாயிற்றுக்கிழமை ஐந்து மணி நேரம் ஓட்டிவிட்டு இறங்கினேன். ராத்திரி படுக்கும்வரை காதுக்குள் ‘ங்ங்’ என்ற சத்தம் ஓயவில்லை.

இருவருக்குமே ஃபுல் ஃபேஸ் ஹெல்மெட். பெட்டியில் இரண்டு வகை மைக் இருந்தது: வளையும் தண்டு வைத்தது ஒன்று, ஒட்டிக்கொள்ளும் பொத்தான் மாதிரி ஒன்று. தண்டு மைக்கைத்தான் பொருத்தினேன். ஸ்பீக்கர்களை ஹெல்மெட்டில் காதுக்கென்றே விட்டிருக்கும் குழியில் ஒட்டினேன்.

பெரிய ஸ்பீக்கர் வாங்கி மாற்றினால் சரியாகுமா? அப்புறம், அடுத்த மாதம் நான்கு வண்டிகளாக ஒரு நீண்ட பயணம் இருக்கிறது. மற்ற மூவரிடமும் வேறு நிறுவனத்தின் செட். எல்லோரும் சேர்ந்து பேச வழி உண்டா?

சுழல்காற்று:
புளூடூத் செட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு மெஷ் வாங்குங்கள். இரண்டு கேள்விக்கும் அதுதான் பதில்.

நெடுவழி:
அவசரப்பட வேண்டாம் முகில். மெஷ் என்பது ஒரு செட்டுக்கும் இன்னொரு செட்டுக்கும் நடுவே உள்ள தொடர்பு. நீங்களும் மனைவியும் ஒரு கை தூரத்தில் உட்கார்ந்திருக்கிறீர்கள், அந்தத் தொடர்பு அறுந்துபோக வாய்ப்பே இல்லை. உங்கள் சிக்கல் ஒன்று ஸ்பீக்கருக்கும் காதுக்கும் நடுவில் இருக்கிறது, இல்லையென்றால் அவர் வாய்க்கும் மைக்குக்கும் நடுவில். எது என்று முதலில் பிரித்துவிடலாம். அதே 80-இல் ஃபோனில் இருந்து ஒரு பேச்சுப் பதிவை ஓடவிடுங்கள். அது தெளிவாகக் கேட்டால் உங்கள் ஸ்பீக்கர் நன்றாக இருக்கிறது, குற்றம் அவருடைய மைக்கில். அதுவும் கேட்காவிட்டால் ஸ்பீக்கரைப் பாருங்கள். பாட்டு வைத்துச் சோதிக்காதீர்கள். தெரிந்த பாட்டின் விட்டுப்போன சொற்களை மனசே நிரப்பிக்கொள்ளும், காது ஏமாந்துவிடும்.

ஸ்பீக்கர் விஷயத்தில் நான் பார்த்தவரை பெரும்பாலானோர் சறுக்குவது அந்தக் குழியில்தான். ஹெல்மெட் செய்பவர் காது மடலுக்கு இடம் விடுகிறார், காதுத் துளைக்கு அல்ல. பல ஹெல்மெட்டுகளில் குழி துளையைவிடக் கீழேயும் பின்னாலும் இருக்கும். ஒரு சென்டிமீட்டர் விலகினாலே அடித்தொனி காணாமல் போய்விடும், சத்தமும் பாதியாகிவிட்டது போலத் தோன்றும். 40 மில்லிமீட்டரை 45 ஆக மாற்றினாலும் விலகிய இடத்தில் வைத்தால் அதே கதைதான்.

சரியான இடத்தைக் கண்டுபிடிக்க நான் செய்வது இது. ஸ்பீக்கரை வெல்க்ரோவில் லேசாக ஒட்டிவிட்டு ஹெல்மெட்டைப் போட்டு வாரை மாட்டிக்கொள்ளுங்கள். பேச்சுப் பதிவு ஓடட்டும். இரண்டு கையாலும் ஹெல்மெட்டைப் பிடித்து அரை சென்டிமீட்டர் முன்னே தள்ளுங்கள், பின்னே இழுங்கள், மேலே தூக்குங்கள், கீழே அழுத்துங்கள். ஏதோ ஒரு திசையில் தள்ளும்போது குரல் சட்டென்று திறந்துகொள்ளும், மூடியிருந்த கதவைத் திறந்த மாதிரி. எந்தத் திசையில் தள்ளியபோது திறந்ததோ அதே திசையில் ஸ்பீக்கரை நகர்த்தி ஒட்டுங்கள். இடது காதுக்கும் வலது காதுக்கும் தனித்தனியாகச் செய்யுங்கள், இரண்டும் ஒரே அளவு விலகியிருக்காது.

அடுத்தது ஆழம். செட்டோடு வரும் மெல்லிய பஞ்சு வில்லைகளை ஸ்பீக்கருக்குப் பின்னால் வைத்து, அது காதைத் தொட்டும் தொடாமலும் நிற்கும் அளவுக்கு முன்னே கொண்டுவாருங்கள். அழுத்தக்கூடாது. வீட்டில் ஐந்து நிமிடத்துக்குத் தெரியாத அழுத்தம் சாலையில் ஒரு மணி நேரத்தில் தாங்க முடியாத வலியாகிவிடும். குழி போதவில்லை என்று உள்ளே இருக்கும் தெர்மாகோலைச் சீவிவிடாதீர்கள். விழும்போது தலையைக் காப்பாற்றுவது அந்தத் தெர்மாகோல்தான்.

முகில்வண்டி:
மிக்க நன்றி அண்ணே. பேச்சுப் பதிவை வைத்துப் பார்த்தேன். வலது காதில் ஓரளவு கேட்கிறது, இடது காதில் சுத்தமாக இல்லை. அப்படியென்றால் ஸ்பீக்கர்தானா? மைக்கையும் பார்க்க வேண்டுமா?

நெடுவழி:
பார்த்துவிடுங்கள். ஃபுல் ஃபேஸுக்கு அந்தப் பொத்தான் மைக்தான் சரி. தாடைப் பகுதியின் உள்பக்கம், வாய்க்கு நேராக ஒட்ட வேண்டும். நடுவில் காற்றுத் துவாரம் இருந்தால் அதிலிருந்து ஒரு விரல் அளவு தள்ளி வையுங்கள். தண்டு மைக், தாடைப் பகுதியை மேலே தூக்கக்கூடிய மாடுலர் ஹெல்மெட்டுக்கும் முகம் திறந்த ஹெல்மெட்டுக்கும் ஆனது. ஃபுல் ஃபேஸில் அதைச் செருகினால் கன்னப் பஞ்சு தள்ளித் தள்ளி மைக் மெல்லத் திரும்பிக்கொள்ளும்.

திரும்பினால் என்ன என்று கேட்கலாம். இரைச்சலைக் குறைக்கும் மைக்குகள் பலவற்றில் முன்னும் பின்னும் துளை இருக்கும். இரண்டு பக்கமும் ஒரே அளவில் விழும் சத்தத்தை அது கழித்துவிடும். காற்றிரைச்சல் எல்லாப் பக்கமிருந்தும் வருவதால் கழிந்துபோகும். வாய்க்கு நெருக்கமாக, முகம் பார்த்து இருந்தால்தான் குரல் ஒரு பக்கம் பலமாகவும் மறு பக்கம் மெல்லவும் விழுந்து தப்பிக்கும். மைக் பக்கவாட்டில் திரும்பிவிட்டால் உங்கள் மனைவியின் குரலையும் இரைச்சல் கணக்கில் சேர்த்துக் கழித்துவிடும். மைக்கின் மேல் ஒரு புள்ளியோ அம்போ இருக்கும், அது உதட்டைப் பார்க்க வேண்டும். பஞ்சு உறையைக் கழற்றாதீர்கள்.

வளைவுக்காரி:
முகில், எல்லோரும் குரலைப் பற்றிப் பேசுகிறார்கள். நான் உங்கள் காதைப் பற்றிப் பேச வேண்டும். இறங்கிய பிறகு ராத்திரிவரை காதில் சத்தம் கேட்டது என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். இந்த இழையில் மிக முக்கியமான வரி அதுதான்.

எனக்கு அந்தச் சத்தம் முதலில் ஒரு ராத்திரி நீடித்தது, அப்புறம் இரண்டு நாள். இப்போது ஒன்பது வருடமாக நிற்கவே இல்லை. இதை எழுதும்போதும் இடது காதில் ஒலித்துக்கொண்டிருக்கிறது. இது குணமாகும் என்று எந்த மருத்துவரும் எனக்குச் சொல்லவில்லை.

கணக்கைப் பாருங்கள். அமெரிக்காவின் தொழில்சார் பாதுகாப்பு, சுகாதார ஆய்வு நிறுவனமான நியோஷ் சொல்லும் வரம்பு 8 மணி நேரத்துக்கு 85 டெசிபல். அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும். 88 என்றால் 4 மணி நேரம், 91 என்றால் 2, 94 என்றால் 1 மணி நேரம், 100 என்றால் வெறும் 15 நிமிடம். மணிக்கு 100 கிமீ வேகத்தில் ஹெல்மெட்டுக்குள் காற்று எழுப்பும் இரைச்சல் மட்டுமே 95-ஐத் தாண்டக்கூடும். பெரும்பகுதி கழுத்தோரமாக, ஹெல்மெட்டின் அடிவிளிம்பில் காற்று சுழல்வதால் வருவது. அதைத் தாண்டிக் கேட்க வேண்டும் என்று ஸ்பீக்கரை முழுக்க ஏற்றினீர்கள். காதுக்கு இரண்டும் சேர்ந்து விழுந்திருக்கிறது.

பஞ்சுக் காதடைப்பான் போட்டுக்கொண்டு ஓட்டுங்கள். அதன் மேல் இன்டர்காம். காதை அடைத்தால் எப்படிக் கேட்கும் என்று தோன்றும். நானும் அப்படித்தான் நினைத்தேன். இரைச்சலும் குரலும் சேர்ந்தே குறைவதால் குரல் மூழ்கிப்போகாது. காது திணறாமல் இருப்பதால் சொற்கள் பிரிந்து கேட்கும். ஸ்பீக்கர் சத்தத்தைக் கொஞ்சம் கூட்டிக்கொள்ளலாம், அந்தக் கூடுதலும் அடைப்பான் வழியாகத்தான் உள்ளே போகிறது.

போடும் முறை முக்கியம். விரல்களுக்கு நடுவே உருட்டி ஊசிபோல மெல்லியதாக்குங்கள். எதிர்க் கையைத் தலைக்குப் பின்னால் கொண்டுவந்து காது மடலை மேலே இழுங்கள், துளை நேராகும். உள்ளே செலுத்தி, விரியும்வரை அரை நிமிடம் விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். பாதி வெளியே துருத்திக்கொண்டிருந்தால் போட்டதாக அர்த்தமில்லை. ஹெல்மெட் போடும்போது இழுபட்டு வந்துவிடும்.

மெதுஓட்டம்:
காதை அடைத்தால் ஹாரன், ஆம்புலன்ஸ் எல்லாம் எப்படிக் கேட்கும் அக்கா? எனக்குப் பயமாக இருக்கிறது. சில நாடுகளில் சட்டமே தடுக்கிறது என்று படித்தேன்.

வளைவுக்காரி:
நல்ல கேள்வி தம்பி. அடைப்பான் எல்லாவற்றையும் குறைக்கும், எதையும் அழித்துவிடாது. நெடுஞ்சாலை வேகத்தில் ஹாரனை மறைப்பது காற்றுதான். அது தணிந்தால் ஹாரன் மேலே எழுந்து நிற்கும். நகரத்துக்குள் 40-இல் போகும்போது நான் போடுவதில்லை. சாதாரணப் பஞ்சு, கீச்சு ஒலிகளை அதிகமாக வெட்டும், அதனால் பேச்சு கொஞ்சம் மந்தமாகத் தெரியும். வடிகட்டி வைத்த ரப்பர் வகை எல்லா ஒலியையும் ஏறக்குறைய ஒரே அளவில் குறைக்கும். எனக்கு அதுதான் பிடித்திருக்கிறது.

சட்டம் பற்றி நீங்கள் படித்தது பெரும்பாலும் இயர்போனைப் பற்றியதாக இருக்கும். பிரான்சில் 2015 ஜூலை 1 முதல் வண்டி ஓட்டுபவர் காதில் இயர்போன் வைத்துக்கொள்ளக் கூடாது. ஆனால் ஹெல்மெட்டின் உள்பஞ்சில் பதித்த ஸ்பீக்கர் அந்தத் தடையில் வராது. நீங்கள் ஓட்டும் இடத்தின் விதியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அலைவரிசை:
இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். நான்கு வண்டி, இரண்டு நிறுவனம்.

புளூடூத் இன்டர்காம் சங்கிலி போல வேலை செய்யும். 1 இரண்டோடு, 2 மூன்றோடு, 3 நான்கோடு கை கோத்திருக்கும். இரண்டாவது வண்டி எரிபொருள் போட ஒதுங்கினால் முதலாமவர் தனியாகிவிடுவார். மெஷ்ஷில் ஒவ்வொரு செட்டும் மற்றவர்கள் பேச்சை வாங்கி அடுத்தவருக்குக் கடத்தும். ஒருவர் விலகினால் வேறு வழியாகப் போகும், திரும்பி வந்தால் தானே சேர்ந்துகொள்ளும். கார்டோ நிறுவனம் 2015-இல் கொண்டுவந்த மெஷ் 15 பேர்வரை தாங்கும். சேனா நிறுவனம் தன் மெஷ்ஷை 30கே என்ற செட்டில் 2018-இல் தந்தது. இரண்டும் தனித்தனியாக உருவான முறைகள். ஒன்றின் மெஷ்ஷுக்குள் மற்றொன்றைச் சேர்க்கலாம் என்று நம்பி வாங்காதீர்கள்.

ஆனால் பாலம் போடலாம். எல்லாச் செட்டும் ஃபோனோடு பேசத் தெரிந்தவை. அதனால் உங்கள் செட், நண்பரின் செட்டை ஒரு ஃபோன் என்று நினைத்து ஜோடி சேர்ந்துகொள்ளும். கையேட்டில் யுனிவர்சல் இன்டர்காம் என்று போட்டிருப்பார்கள். இதில் இரண்டு இழப்பு உண்டு. பல செட்களில் ஃபோனுக்கான இடங்களில் ஒன்று போய்விடும், அதனால் வழிகாட்டிக் குரலுக்கு இடம் மிச்சமிருக்கிறதா என்று முதலிலேயே பாருங்கள். ஒலியும் ஃபோன் அழைப்பின் தரத்தில்தான் வரும், பழைய செட் ஒலியை நொடிக்கு 8,000 முறை அளந்து அனுப்பும், புதியது 16,000 முறை. பேச்சுக்குப் போதும்.

ஜோடி சேர்க்கும்போது எல்லாச் செட்டையும் முழுக்க ரீசெட் செய்துவிட்டு, செட்டுக்குள் இருக்கும் மென்பொருளான ஃபர்ம்வேரைப் புதுப்பித்துவிட்டு, முதலில் அவரவர் ஃபோன், அப்புறம் இன்டர்காம் என்ற வரிசையில் போங்கள். புறப்படும் காலையில் சாலையோரம் நின்று செய்யாதீர்கள். முந்தின வாரமே செய்து ஒரு சின்ன ரைடில் சோதித்துவிடுங்கள்.

பெட்டியில் போட்டிருக்கும் தூரம் தடையே இல்லாத வெட்டவெளிக்கு. இவை 2.4 கிகாஹெர்ட்ஸ் ரேடியோ அலையில் ஓடுகின்றன. நீர் நிறைந்த எதுவும் அதை விழுங்கும்: மரம், மழை நனைந்த இலை, பின்னால் உட்கார்ந்திருப்பவரின் உடம்பு. மலை வளைவில் பாறை குறுக்கே வந்தால் கண்ணுக்கு எட்டாத வண்டி காதுக்கும் எட்டாது என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

பாதைக்காவலன்:
தம்பிகளுக்கு ஒரு மாற்றுக் கருத்து. முப்பது வருடமாகக் கைச்சைகையில் ஓட்டுகிறேன். இன்டர்காமை ஒரு வருடம் வைத்திருந்து கழற்றிவிட்டேன். பேச்சு இருந்தால் எனக்குச் சாலை கண்ணில் படுவதில்லை. நான் ஓட்டுவதே அந்த அமைதிக்காக.

பின்னிருக்கை_ஆசான்:
ஐயா சொல்வதில் உள்ள உண்மையை நான் வலியோடு கற்றுக்கொண்டேன். புதிதாக ஓட்டப் பழகுபவர்களுக்கு இன்டர்காம் வழியாகச் சொல்லிக்கொடுப்பது என் வேலை. முதல் வருடம் நிறையப் பேசினேன். ஒரு மாணவி வளைவுக்குள் இருக்கும்போது ‘கிளட்சை விடுங்க’ என்றேன். அவர் ஒரு கணம் கீழே, தன் இடது கையைப் பார்த்தார். பார்வை போன பக்கம் வண்டி போகும் என்பது தெரிந்ததே. அகன்று போய்ச் சரளையில் சறுக்கி விழுந்தார். மணிக்கட்டில் கட்டு போட வேண்டியதாயிற்று. சொன்ன விஷயம் சரிதான், சொன்ன நேரம் தப்பு. அந்தத் தப்பு என்னுடையது.

அன்றிலிருந்து ஒரு விதி வைத்திருக்கிறேன். வளைவுக்கு முன்னால் சொல்வேன், இல்லாவிட்டால் வளைவு முடிந்து வண்டி நிமிர்ந்த பிறகு சொல்வேன். வளைவுக்குள் வாயைத் திறப்பதில்லை. குழுவாகப் போகும்போதும் இதையே கேட்டுக்கொள்கிறேன். கதை பேச நேர்சாலை இருக்கிறது, நிறுத்தங்கள் இருக்கின்றன.

முகில், உங்கள் பயணத்துக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். இதை எந்தக் கையேட்டிலும் நான் பார்த்ததில்லை. குரல் கேட்டால் மைக் தானே திறக்கும் வசதியில், திறப்பதற்குள் முதல் அசை விழுங்கப்பட்டுவிடும். ‘இடது’, ‘வலது’ இரண்டிலும் முதல் எழுத்து போனால் மிஞ்சுவது ‘டது’, ‘லது’. காற்றில் இரண்டும் ஒன்றுபோலத்தான் விழும். நான் இடது என்று சொல்லி ஒருவர் வலப்பக்கம் ஒதுங்கியதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். அதனால் பெயரை முதலில் சொல்லிவிட்டு, அரை மூச்சு விட்டுத் திசையைச் சொல்லுங்கள். ‘முகில்… இடது, மணல்.’ விழுங்கப்படுவது பெயரின் முதல் எழுத்தாக இருக்கட்டும். எங்கள் குழுவில் திசைக்கு மட்டும் லெஃப்ட், ரைட் என்றே வைத்துக்கொண்டோம். தூய தமிழில் பேச எனக்கு ஆசைதான், ஆனால் அந்த இரண்டு சொல்லும் எவ்வளவு கிழிந்து வந்தாலும் குழம்பாது.

முன்னால் போகிறவர் தடையைச் சொல்லட்டும், கடைசியில் வருகிறவர் பின்னால் வேகமாக வரும் வண்டியைச் சொல்லட்டும். நடுவில் இருப்பவர்கள் ஒவ்வொன்றுக்கும் ‘சரி, சரி’ என்று பதில் சொன்னால் அடுத்த எச்சரிக்கை அதற்குள் மறைந்துவிடும். அப்புறம் ஐயா சொன்ன கைச்சைகையையும் பழகிக்கொள்ளுங்கள். பேட்டரி எப்போது இறங்கும் என்று யாருக்குத் தெரியும்.

பாதைக்காவலன்:
இப்படிப் பேசுகிற குழுவென்றால் நானும் மறுபடி மாட்டிப் பார்ப்பேன். இடது, வலது விஷயம் எனக்கே புதிது.

மெதுஓட்டம்:
செட்டின் தாங்கியை எப்படிப் பொருத்துவது? என் ஹெல்மெட்டில் கிளிப் உள்ளே போகவில்லை. சின்னத் துளை போட்டுத் திருகலாமா?

நெடுவழி:
வேண்டவே வேண்டாம். ஓட்டில் துளை போட்டால் விரிசல் அங்கிருந்துதான் கிளம்பும். கிளிப்பை வலுக்கட்டாயமாகச் செருகினாலும் ஓட்டுக்கும் தெர்மாகோலுக்கும் நடுவே ஆப்பு அடித்த மாதிரி. ஒட்டுத் தாங்கி வரும், அதைப் போடுங்கள். ஒட்டும் இடத்தைச் சோப்புத் தண்ணீரில் துடைத்து நன்றாகக் காயவையுங்கள். பெட்ரோல், தின்னர் பக்கமே போகாதீர்கள், பாலிகார்பனேட் ஓடு கண்ணுக்குத் தெரியாமல் பலமிழந்துவிடும். புதிதாக ஹெல்மெட் வாங்குவதாக இருந்தால், 22.06 என்ற ஐரோப்பியத் தரம் துணைக்கருவிகளோடு சேர்த்துச் சோதிப்பதற்கும் இடம் தருகிறது. உங்கள் ஹெல்மெட்டுக்கென்றே அப்படிச் சோதித்த செட் இருக்கிறதா என்று பாருங்கள்.

முகில்வண்டி:
மன்னிக்கவும், பத்து நாள் கழித்து வருகிறேன். எல்லாவற்றையும் செய்து பார்த்துவிட்டுத்தான் எழுத வேண்டும் என்று இருந்தேன்.

இடது ஸ்பீக்கர் ஒன்றரை சென்டிமீட்டர் விலகியிருந்தது! நெடுவழி அண்ணே சொன்னபடி ஹெல்மெட்டை முன்னே தள்ளி மேலே தூக்கியபோது குரல் திறந்துகொண்டது, நான் சத்தமாகவே ‘ஆ’ என்றுவிட்டேன். மனைவியின் தண்டு மைக் கன்னத்தைப் பார்த்துத் திரும்பிக் கிடந்தது. இருவருக்கும் பொத்தான் மைக் மாற்றினேன். வளைவுக்காரி அக்கா சொன்னபடி காதடைப்பான். நேற்று 200 கிலோமீட்டர் ஓட்டினோம். 100 வேகத்தில் சத்தம் பாதியில்தான் இருந்தது. ராத்திரி காதில் எந்தச் சத்தமும் இல்லை. காதுப் பரிசோதனைக்கும் நாள் குறித்துவிட்டேன்.

இதுவரை அவள் நிறுத்தச் சொல்ல வேண்டுமென்றால் என் தோளில் இரண்டு தட்டு தட்டுவாள். நேற்று ‘முதுகு வலிக்குது, அந்த மரத்தடியில நிறுத்துங்க’ என்றாள். ஆறு வருடமாக எத்தனை முறை வலியோடு பேசாமல் உட்கார்ந்து வந்திருக்கிறாள் என்று மரத்தடியில்தான் கேட்டேன்.

நண்பர்களோடு பாலமும் போட்டுச் சோதித்துவிட்டோம். திசைக்கு லெஃப்ட், ரைட் என்று முடிவாகிவிட்டது. ஒன்று மட்டும் பாக்கி: என் வலது ஸ்பீக்கரில் கனத்த குரல் வந்தால் ‘ர்ர்’ என்று அதிர்கிறது.

நெடுவழி:
ரொம்ப சந்தோஷம். வலது ஸ்பீக்கரின் பஞ்சு மூடியைக் கழற்றிப் பாருங்கள். ஒயர் சுருண்டு முன்பக்கம் வந்து தொட்டுக்கொண்டிருக்கும், இல்லாவிட்டால் ஒரு முடி.

முகில்வண்டி:
முடிதான் அண்ணே. எடுத்துவிட்டேன், இப்போது சுத்தமாக இருக்கிறது. மனைவி ஒன்று கேட்கச் சொன்னாள்: கண்ணாடி போடுபவர்களுக்கு ஸ்பீக்கர் கண்ணாடியின் கால் மேல் அழுத்துகிறது, என்ன செய்யலாம்?

வளைவுக்காரி:
நானும் கண்ணாடிதான். பின்னால் வைத்த பஞ்சு வில்லையில் ஒன்றை எடுத்துவிடச் சொல்லுங்கள். ஹெல்மெட்டைப் போட்ட பிறகு கண்ணாடியைச் செருக வேண்டும், வளைந்த காலைவிட நேரான கால் வைத்த சட்டம் சுலபமாக உள்ளே போகும். அப்போதும் அழுத்தினால் கால் போகும் வழியில் கன்னப் பஞ்சின் உறையைக் கழற்றிப் பாருங்கள், பல ஹெல்மெட்டுகளில் அங்கே கண்ணாடிக்கென்றே ஒரு தடம் விட்டிருப்பார்கள். ஸ்பீக்கர் ஒயர் அதற்குள் கிடந்தால் எடுத்துப் பின்பக்கமாகச் சுற்றிவிடுங்கள்.